எதிர்காற்றில் 13 கிலோமீட்டர்

அப்பாவின் வலது முழங்கையில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. கிளுவை முள் கிழித்தது. ஒன்றரை ஷிப்டு முடிந்து ராத்திரி வரும்போது டைனமோ வழுக்கி விளக்கு அணைந்துவிட்டது. இட்டேரி ஓரத்தில் சைக்கிளோடு சாய்ந்தார். அது 1986-ஆ, 87-ஆ என்பதில் அவருக்கும் அம்மாவுக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. பேன்ட் கிழிந்தது அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது, சாப்பாட்டுப் போசி நசுங்கியது அப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறது. வருசம்தான் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இட்டேரி என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்தில் மண்தடம். ஊரிலிருந்து தோட்டத்துக்கு, தோட்டத்திலிருந்து அடுத்த ஊருக்கு, அங்கிருந்து சந்தைக்கு என்று இந்தத் தடங்கள் ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தன. எதிரே இன்னொரு வண்டி வந்தால் ஏதாவது ஒரு காட்டுக் கடவு வரை யாராவது பின்னால் தள்ளிப் போக வேண்டும். வேலி என்றால் பெரும்பாலும் கிளுவை. போத்து வெட்டி மழைக்கு முன்னால் ஊன்றி வைத்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும். வறட்சியில் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கும், ஒரே ஒரு மழைக்குப் பச்சை பிடித்துவிடும். ஆட்டுக்குத் தீனி, காட்டுக்குக் காவல். அதன்மேல் பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறியிருக்கும். இடையிடையே வேம்பு, வெள்வேல், ஊஞ்ச மரம். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் ஆளில்லாமல் மேய்ந்ததும் இந்த வேலியை நம்பித்தான்.

இட்டேரியில் சைக்கிள் விடுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். வண்டிச் சக்கரம் அரைத்து அரைத்து இரண்டு பக்கமும் புழுதிப் பள்ளம் விழுந்திருக்கும். அதில் டயர் இறங்கினால் ஆள் இறங்கித் தள்ள வேண்டியதுதான். பள்ளத்துக்கும் வேலிக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்குக் கெட்டியான மண் இருக்கும். நடந்து நடந்து இறுகிய ஒத்தையடித் தடம். அதில்தான் ஓட்ட வேண்டும். கொஞ்சம் இடது பக்கம் போனால் முள், கொஞ்சம் வலது பக்கம் போனால் புழுதி. மழைக்காலத்தில் இட்டேரியே ஓடையாகிவிடும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த அப்பாவை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் ஊத்துக்குளிக்குத் தெற்கே, நொய்யலுக்கு வடக்கே. அங்கிருந்து திருப்பூரில் அப்பா வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு 13 கிலோமீட்டர். முதல் 5 கிலோமீட்டர் இட்டேரி, மிச்சம் 8 தார் ரோடு. இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டு வரும். உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் இத்தனை காற்றாலைகள் முளைத்ததே அந்தக் காற்றுக்காகத்தான். திருப்பூர் எங்களுக்கு மேற்கே. அதனால் காலையில் வேலைக்குப் போகும்போது நேர் எதிர்காற்று, ராத்திரி திரும்பும்போது முதுகில் தள்ளுகிற காற்று. இட்டேரிக்குள் அந்தக் காற்று இறங்காது. வேலிக்கு மேலே மரம் பேயாட்டம் ஆடும், கீழே சைக்கிளில் போகிறவனுக்குச் சட்டை நுனிகூட அசையாது. தார் ரோட்டில் ஏறிய நிமிசத்தில் யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும் என்பார் அப்பா. ஆடி மாசம் மட்டும் வீட்டிலிருந்து கால் மணி நேரம் முன்னாலேயே கிளம்புவார்.

அன்றைக்குத் தார் ரோடும் பயப்படும்படி இல்லை. கூலிபாளையம் தாண்டினால் நஞ்சராயன் குளத்துப் பக்கமிருந்து பறவைச் சத்தம் கேட்கும். எட்டு மணி வாக்கில் ஊத்துக்குளி ரோடு, காங்கேயம் ரோடு, பல்லடம் ரோடு, அவிநாசி ரோடு என்று நாலு திசையிலிருந்தும் சைக்கிள்கள் திரளும். ஹேண்டில்பாரில் தூக்குப்போசி ஆடும். பஸ்காரன் ஹாரன் அடித்து, ஒதுங்கமாட்டார்கள் என்று தெரிந்து, அவனே பின்னால் மெதுவாக வருவான். ரோடு சைக்கிளுக்குச் சொந்தமாக இருந்த காலம் என்று சொன்னால் மிகையாகாது. ஊரே சைக்கிளில் இருந்ததால் அப்படி ஆகிவிட்டது, யாரும் சட்டம் போட்டுக் கொடுக்கவில்லை.

திருப்பூரின் தொழிலும் சைக்கிளுக்கு ஏற்றபடிதான் அமைந்திருந்தது. ஒரே கூரைக்குக் கீழே நூல் போய் பனியன் வருகிற ஆலை இங்கே குறைவு. நிட்டிங் ஒரு தெருவில், பிளீச்சிங் ஆற்றோரம், சாயப்பட்டறை வேறு பக்கம், கட்டிங் ஒரு சந்தில், பவர்டேபிள் தையல் இன்னொரு சந்தில், பிரிண்டிங், செக்கிங், அயர்னிங் என்று ஒரு பனியன் உருவாவதற்குள் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அந்தச் சுற்றுக்கு அன்று கேரியர்தான் வாகனம். துணிக்கட்டை கேரியரில் குறுக்காகப் போட்டு டியூபால் இறுக்கிக் கட்டி, கட்டு தன்னைவிட அகலமாக இருக்க, இரண்டு சுவருக்கும் நடுவில் உரசாமல் சந்தைக் கடக்கும் ஆட்கள் இருந்தார்கள். கைமடி என்கிற உதவியாள் வேலைக்குச் சேர்கிற பையனுக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே அந்தக் கட்டுப் போடுகிற முறையைத்தான்.

அப்பா டெய்லர். பீஸ் ரேட். வாரத்துக்கு ஆறு நாள், போக வர 26 கிலோமீட்டர், ஆக 156. வருசத்துக்கு 50 வாரம், 22 வருசம். பெருக்கிப் பார்த்தால் 1,71,600 கிலோமீட்டர். பூமியை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு மிச்சமும் இருக்கிறது. இந்தக் கணக்கை அவரிடம் சொன்னபோது, “அத்தன தூரம் போயும் கடைசில ஊத்துக்குளியிலதான நிக்கறேன்” என்றார்.

இது எப்படி மாறியது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. 1961-ல் திருப்பூரின் மக்கள்தொகை எண்பதாயிரத்தைத் தொடவில்லை. 2011 கணக்கெடுப்பில் நகரமும் ஒட்டிய பகுதிகளும் சேர்த்து 9.6 லட்சம். 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. துணிக்கட்டு கேரியரிலிருந்து மொபெட்டின் முன்பக்கத்துக்கு மாறியது. பிறகு ஆட்டோ, பிறகு டாடா ஏஸ். தூரத்து ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிவர கம்பெனி வேன்கள் வந்தன. விடியற்காலையில் தாராபுரம், கோபி பக்கத்து ஊர்களில் பெண்கள் போசியோடு வேனுக்காகக் காத்து நிற்பது இன்று சாதாரணக் காட்சி. பெண்கள் சைக்கிளுக்கு வராமல் இல்லை. புதுக்கோட்டையில் 1991, 92-ல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பின்னால் அரசாங்கமே பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தது. ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சைக்கிள்கள் பன்னிரண்டாம் வகுப்போடு வேப்பமரத்தடிக்குப் போய்விடுகின்றன. கம்பெனிக்கு வேனில் போகிற பெண், வேலைக்குச் சைக்கிளில் வருகிறேன் என்று சொன்னால் வீட்டில் விடமாட்டார்கள். இன்றைய ரோட்டைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இட்டேரி செத்தது வேறு கதை. அதை ஒரே நாளில் யாரும் அழிக்கவில்லை. கிராமச் சாலைத் திட்டங்களில் முக்கியமான இட்டேரிகள் அகலப்படுத்தப்பட்டுத் தார் ரோடாயின. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸ் வருகிறது, ஸ்கூல் பஸ் வருகிறது. மற்றவற்றில் மாட்டுவண்டி நின்றதும் போக்குவரத்து நின்றது. சீமைக்கருவேலம் உள்ளே புகுந்தது. விளைகாடுகள் வீட்டுமனை சைட்டாக மாறியபோது ஜே.சி.பி. ஒரு முற்பகலில் அரை மைல் கிளுவையைப் பிடுங்கிப் போட்டது. அந்த இடத்தில் கல்லுக்கால் நட்டு கம்பிவேலி. கம்பிவேலிக்கு நிழல் கிடையாது, காற்றையும் அது தடுக்காது. இரண்டு பக்கத்துத் தோட்டக்காரர்களும் வருசத்துக்கு ஒரு சால் உள்ளே தள்ளி உழுதே இட்டேரியை விழுங்கிய இடங்களும் உண்டு. வருவாய்த்துறையின் புலப்படத்தில் மட்டும் அது இன்னும் பாதைதான். இரண்டு இணைகோடுகள் நெளிந்து நெளிந்து போகும். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் போனால் சோளத்தட்டுக்குள் நிற்பீர்கள்.

அப்பா இதற்கெல்லாம் பெருமூச்சு விடுகிற ஆள் இல்லை. “இட்டேரி நல்லாத்தான் இருந்துச்சு. பாம்பும் நல்லாத்தான் இருந்துச்சு” என்பார். டி.வி.எஸ். 50 வாங்கிய அன்று ஊருக்கே மிட்டாய் கொடுத்தவர் அவர்.

நான் இந்த விசயத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பிரான்சைப் பற்றிப் படித்த ஒரு செய்தி. அங்கே ஊர்ப்புறத்தில் மோட்டார் வண்டியே நுழையாத சைக்கிள் பாதைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் போகின்றன. பசுமைப் பாதை என்று அவர்கள் மொழியில் பெயர். முதலாவது 1997-ல் பர்கண்டி பகுதியில், ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் நடுவே, ரயில் நின்றுபோன தண்டவாளத் தடத்தில் திறக்கப்பட்டது. தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு மேலே ரோடு போட்டார்கள். ரயில் பாதைக்குச் செங்குத்தான ஏற்றம் இருக்க முடியாது, அதனால் சைக்கிளுக்கு அதைவிடத் தோதான தடம் கிடையாது. இன்னொரு வகை, கால்வாய்க் கரை. துலூசிலிருந்து மத்தியதரைக் கடல் வரைக்கும் 240 கிலோமீட்டர் ஓடும் மிதி கால்வாய் 1681-ல் முடிந்தது. படகைக் குதிரை கட்டி இழுப்பதற்காகக் கரையோரம் தடம் விட்டிருந்தார்கள். படகில் இன்ஜின் வந்தது, குதிரை போனது, தடம் சும்மா கிடந்தது. இன்று அதில் குடும்பம் குடும்பமாகச் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையைவிட வேறொன்றுதான் அதிகம் உறைத்தது. அவர்களுக்கும் இட்டேரி இருந்திருக்கிறது. பிரித்தானி, நார்மண்டி பக்கம் இரண்டு புறமும் வேலிமரம் அடர்ந்த பள்ளத்தடங்கள் ஊரெல்லாம் ஓடியிருக்கின்றன. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு டிராக்டர் திரும்ப வசதியாக நிலங்களை ஒன்றுசேர்த்தபோது லட்சக்கணக்கான கிலோமீட்டர் உயிர்வேலியைப் பிடுங்கினார்கள். ஆக, வேலியை இழந்ததில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. சும்மா கிடந்த தடங்களை என்ன செய்தார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இன்னொரு ஒற்றுமை கேட்டால் திருப்பூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சைக்கிளில் ஊர் சுற்றுவது என்கிற பழக்கத்துக்கே அப்பன் என்று பிரான்சில் சொல்லப்படுகிற பால் தெ விவி ஒரு பட்டு வியாபாரி. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். அவர் வாழ்ந்த சான்தெத்தியேன் ரிப்பன் நெசவுக்குப் பெயர்போன ஊர், சைக்கிள் தயாரிப்புக்கும் பெயர்போனது. ஜவுளித் தொழிலை விட்டுவிட்டு சைக்கிள் விற்கப் போனார், 1887-ல் சைக்கிளுக்கென்றே பத்திரிகை தொடங்கினார். 1930-ல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தபோது காருக்கு ஒதுங்கி டிராமில் அடிபட்டு இறந்தார்.

நம்மிடம் ரயில் கைவிட்ட தடம் இல்லை. வாய்க்கால் கரை இருக்கிறது, அதுவும் நிறைய. 1955-ல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் கோபி, பெருந்துறை, சென்னிமலை, முத்தூர் என்று சுமார் 200 கிலோமீட்டர் வளைந்து போகிறது. பாசனம் 2,07,000 ஏக்கர். அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்டு 15 வாக்கில் நன்செய்க்கும், இன்னொரு பாதிக்கு ஜனவரி வாக்கில் புன்செய்க்கும் தண்ணீர் விடுவது வழக்கம். தெற்கே திருமூர்த்தி அணையிலிருந்து பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் பி.ஏ.பி. வாய்க்கால் உடுமலை, பொங்கலூர், காங்கேயம் பக்கம் வருகிறது, மண்டலம் மண்டலமாக முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீர் தானாக ஓட வேண்டுமென்று மேட்டைச் சுற்றி, பள்ளத்தைத் தாண்டி, சமமட்டம் பார்த்து வெட்டிய வாய்க்கால்கள் இவை. கரை மேல் மதகையும் ஷட்டரையும் பார்க்கவரும் அதிகாரியின் ஜீப்புக்காகக் கிராவல் தடம் போட்டிருக்கிறார்கள். ஜீப் எப்போதாவதுதான் வரும். அந்தக் கரையில் சைக்கிள் விட்டால் ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது.

அங்கேயும் எல்லாம் சுமுகமாக இல்லை. கீழ்பவானியைக் கான்கிரீட் போட்டு நவீனப்படுத்த 700 கோடி ரூபாய்க்கு மேல் திட்டம் போட்டபோது விவசாயிகள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். கடைமடைக்காரர்கள் தண்ணீர் வந்து சேரவில்லை, போடுங்கள் என்றார்கள். கசிவுநீரை நம்பிக் கிணறு வைத்திருக்கிறவர்கள், கரை மரமும் போய்விடும், கிணறும் வற்றிவிடும், போடாதீர்கள் என்றார்கள். சைக்கிள்காரனுக்கு அந்தச் சண்டையில் பேச வாயில்லை. ஆனாலும் கரையோர மரத்தை வெட்டினால் அவனுக்கும் சுடும். மிதி கால்வாயிலும் இதே துக்கம்தான். 2006-ல் தென்பட்ட ஒரு பூஞ்சை நோயால் கரையில் இருந்த 42,000 பிளேன் மரங்களும் ஆபத்துக்குள்ளாகி, வெட்டி வெட்டி வேறு மரம் நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நொய்யல் கரையைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆற்றோரம் எங்கள் பக்கம் ஒரு தரைப்பாலம் வரை நல்ல தடம் இருந்தது. என் பள்ளிக்கூட நாட்களில் அதில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவோம். தண்ணீர் ஒரு நாள் நீலம், ஒரு நாள் கருஞ்சிவப்பு. கீழே 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு வந்ததைவிடச் சாயக்கழிவைத் தேக்கி வைத்ததற்குத்தான் பெயர்பெற்றது. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத சுத்திகரிப்பு என்கிற பேச்சு உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தது. இன்று திருப்பூருக்குள் ஆற்றின் கரையோரம் ரோடு போட்டிருக்கிறார்கள். அதில் சைக்கிளை நம்பி விட முடியாது, சிக்னலைத் தவிர்க்கிற கார்களுக்கு அது குறுக்குவழி. போன வருசம் ஒரு வேனின் கண்ணாடி என் தோளை இடித்துவிட்டு, நிற்காமல் போனது. வலி மூன்று வாரம் இருந்தது. நஞ்சராயன் குளம் பரவாயில்லை. 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமானது, 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. 2015-ல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ என்ற மரம் நடும் இயக்கம் வைத்த கன்றுகளும் பல இடங்களில் ஆளுயரம் தாண்டிவிட்டன. வேலியை இழந்த ஊர், மரத்தையாவது திரும்ப நடுகிறது.

சைக்கிளும் திரும்ப வந்திருக்கிறது, ஆனால் வேறு வேசத்தில். 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்றே அட்லஸ் சைக்கிள் கம்பெனி தன் கடைசித் தொழிற்சாலையை மூடியது. அதே கொரோனா ஊரடங்கு வருசத்தில் திருப்பூரில் கியர் சைக்கிள் வாங்குகிறவர்கள் பெருகினார்கள். மெர்ச்சண்டைசர், ஆடிட்டர், டாக்டர், கம்பெனி முதலாளி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஹெல்மெட், பேடு வைத்த டிராயர், முதுகில் பிரதிபலிக்கிற பட்டை. 1904-ல் பாரிசில் தொடங்கிய ஒரு சைக்கிள் சங்கத்தின் விதிப்படி 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்தில் முடித்தால் மெடல். 1200 கிலோமீட்டர் ஓடும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் பயணத்துக்குப் போவது பலருக்குக் கனவு. நானும் அந்தக் கும்பலில்தான் இருக்கிறேன், கேலி பேச உரிமை இல்லை. எங்களைப் போன்றவர்கள் வாய்க்கால் கரையைக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். வாரம் 156 கிலோமீட்டர் ஓட்டிய அப்பாவுக்கு மெடல் ஒன்றும் வரவில்லை.

போன ஆடியில் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு பொங்கலூர்ப் பக்கம் பி.ஏ.பி. வாய்க்கால் கரைக்குப் போனேன். காரின் பின்னால் இரண்டு சைக்கிள். தண்ணீர் முறை இல்லாத நேரம், வாய்க்கால் காய்ந்து கிடந்தது. என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“கேரியர் எங்கடா?”

“இதுக்குக் கேரியர் வராதுங்கப்பா.”

“ஸ்டேண்டு?”

“அதுவும் இல்லைங்கப்பா.”

“அப்ப போசிய எங்க மாட்டுவாங்க?” விலையைச் சொல்ல வேண்டாமென்று நினைத்தேன், கேட்டுவிட்டார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே தலையில் கைவைத்தார்.

ஏறி உட்கார்ந்து இரண்டு மிதி மிதித்ததும் முதுகு நேரானது. 76 வயது. கிழக்குப் பார்த்துப் போனோம். ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு பக்கம் மட்டும் கிளுவை வேலி மிச்சம் இருந்தது. அங்கே வேகத்தைக் குறைத்து, கரையின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய், வேலியை ஒட்டி ஒரு சாண் விட்டு ஓட்டினார். அகலமான கிராவல் ரோடு காலியாகக் கிடந்தது, ஆனாலும் அந்த ஓரத்தில்தான் ஓட்டினார்.

எதிரே ஒரு பையன் வந்தான். பழைய ஹெர்குலஸ், துருப்பிடித்த மட்கார்டு, ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் கவருக்குள் டிபன் டப்பா. பக்கத்து ஸ்பின்னிங் மில்லில் வேலை, ஊர் ஒடிசா. அந்தக் கரையில் அன்று வேலைக்காகச் சைக்கிள் ஓட்டியவன் அவன் ஒருவன்தான். மேற்கே பார்த்து, எழுந்து நின்று மிதித்துக்கொண்டு வந்தான். அப்பா காலை ஊன்றி நின்றார்.

“எந்த ஷிப்டு கண்ணு?”

“நைட் முடிஞ்சு தாத்தா. ரூம் போறேன்.”

காற்றில் பாதி வார்த்தை பறந்துவிட்டது. அவன் போன பிறகும் அப்பா திரும்பி அவன் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செயின்ல சொட்டு எண்ணெய் இல்ல” என்றார். “எதிர்காத்துல எப்படி மிதிப்பான்?”